வாலாஜாபாத் வட்டாரப் பட்டும் சாய உப்பும்

பட்டு நூலில் ஏறும் சாயங்களில் பெரும்பாலானவை உப்புகள். சோறு வடிக்கப் போடும் உப்பில் நேர்மின்னேற்றம் கொண்ட சோடியமும் எதிர்மின்னேற்றம் கொண்ட குளோரைடும் அடுத்தடுத்து அடுக்கப்பட்டிருக்கின்றன. சாய உப்பில் சோடியம் அப்படியே இருக்கும். குளோரைடு இருந்த இடத்தில் பல கார்பன் வளையங்களைக் கொண்ட பெரிய மூலக்கூறு ஒன்று எதிர்மின்னேற்றத்தோடு நிற்கும். இப்படிப்பட்டவற்றைக் கரிம உப்புகள் என்பர். சாயக்காரர் அதனிடம் எதிர்பார்ப்பது ஒன்றுக்கொன்று முரணான இரண்டு குணங்கள். கொதிநீரில் அது முழுவதும் கரைய வேண்டும். நூலில் ஏறிய பிறகு எத்தனை முறை அலசினாலும் கரையக் கூடாது. மூலக்கூறுகள் ஒன்றையொன்று எப்படிப் பற்றிக்கொள்கின்றன என்பதைப் பொறுத்தே இவ்விரண்டும் அமைகின்றன. அந்தப் பிடிப்பின் விவரம் படிகங்களை எக்ஸ் கதிரில் ஆராய்ந்த பிறகுதான் தெரியவந்தது. காஞ்சிபுரம் வட்டாரத்துச் சாயத் தொழில் அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே கைப்பழக்கத்தால் அந்த முரணைக் கையாண்டு வந்தது.

காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டு செல்லும் சாலையில் அய்யம்பேட்டை, முத்தியால்பேட்டை ஆகிய நெசவு ஊர்களைக் கடந்தால் பாலாற்றின் கரையில் வாலாஜாபாத் வரும். ஆற்காட்டு நவாப் முகமது அலி கான் வாலாஜாவின் பெயரால் அமைந்த ஊர் இது. 1763இல் நவாப் செங்கல்பட்டு ஜாகிரைக் கிழக்கிந்தியக் கும்பினிக்குக் கொடுத்தார். பிறகு வாலாஜாபாத் கும்பினிப் படை தங்கும் கன்டோன்மென்ட் ஆயிற்று. ஊரைத் தாண்டிச் சற்றுத் தொலைவில், பழையசீவரத்துக்கு எதிரே உள்ள திருமுக்கூடலில் பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகின்றன. செங்கல்பட்டு–அரக்கோணம் ரயில் பாதையும் இவ்வழியே போகிறது. நெசவுக்குப் பெயர் பெற்றது காஞ்சிபுரம் நகரம்தான். ஆனால் அந்தப் பெயரைத் தாங்கும் தறிகள் நகரின் நெசவாளர் பகுதியான பிள்ளையார்பாளையத்தோடு நிற்கவில்லை. இந்தச் சாலையோர ஊர்களிலும் பரவியிருந்தன.

காஞ்சியின் நெசவாளர்களைப் பற்றிய பழைய சான்றுகளில் முக்கியமானது 10ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த உத்தம சோழனின் செப்பேடு. இன்று அது சென்னை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. காஞ்சியின் நான்கு சேரிகளில் குடியிருந்த பட்டசாலிகள் என்ற நெசவாளர்களிடம் கோயில் நிர்வாகம் ஒப்படைக்கப்பட்டதை அது சொல்கிறது. கணக்கையும் சொத்தையும் நம்பி ஒப்படைக்கும் அளவுக்கு நெசவுக் குடிகள் மதிக்கப்பட்டிருந்தனர். ஆனால் அந்தத் துணிகளுக்கு ஏற்றிய சாயத்தின் செய்முறை எந்தக் கல்லிலும் செம்பிலும் வெட்டப்படவில்லை. அது குடும்பத்துக்குள் கைமாறி வந்த அறிவு. எழுத்தில் அது பதிவாவது பெரும்பாலும் வெளியிலிருந்து வந்தவர்கள் அதை விலைக்கோ ஆவலுக்கோ தெரிந்துகொள்ள முனைந்தபோதுதான்.

அப்படி எழுதியவர்களில் ஒருவர் புதுச்சேரியில் இருந்த இயேசு சபைப் பாதிரியார் கேர்தூ. சோழமண்டலக் கரையில் பருத்தித் துணிக்கு வண்ணம் ஏற்றும் முறையை 1742இலும் 1747இலும் எழுதிய கடிதங்களில் படிப்படியாக விவரித்தார். துணியைக் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் ஊறவைத்து உலர்த்துவார்கள். படிகாரக் கரைசலால் சித்திரம் எழுதுவார்கள். பிறகு சாயவேர் போட்ட கொப்பரையில் வேகவைப்பார்கள். படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவக்கும். மற்ற இடத்தின் நிறம் வெயிலிலும் அலசலிலும் போய்விடும். வில்லியம் ராக்ஸ்பர்க் 1795இல் வெளியிடத் தொடங்கிய சோழமண்டலத் தாவரங்கள் நூலிலும் சாயவேர்ச் செடிக்கு இடம் உண்டு. கடற்கரை மணலில் வளரும் சிறு செடி அது. வேரின் பட்டையில் அலிசாரின் என்ற நிறப்பொருள் இருக்கிறது.

அலிசாரின் தனியே துணியில் நிற்காது. படிகாரத்திலுள்ள அலுமினியத்தோடு சேரும்போதுதான் கரையாத சிவப்பாக மாறுகிறது. படிகாரம் போன்ற பொருள்களை நிறமூன்றி என்று பாடநூல்கள் குறிக்கும். ஆனால் அலுமினியம் மட்டும் போதாது, சுண்ணாம்பும் வேண்டும். சாயவேர்ச் சிவப்பு நன்றாக வருவதற்குச் சிப்பிச் சுண்ணாம்பு கலந்த மண்ணும் நீரும் காரணம் என்ற எண்ணம் கரையோரத் தொழிலாளர்களிடம் இருந்தது. 1963இல் நெதர்லாந்தின் கீல், ஹெயர்ட்யஸ் ஆகிய இருவர் இந்தச் சிவப்பின் அமைப்பை ஆராய்ந்து, அலிசாரின் மூலக்கூறுகளோடு அலுமினியமும் கால்சியமும் சேர்ந்தே அதை உருவாக்குகின்றன என்று முன்வைத்தனர். கரையில் சொல்லப்பட்டதற்கு வேதியியலில் அடிப்படை இருந்தது.

சாயவேர் முதன்மையாகப் பருத்திக்கு உரியது. பட்டுக்கான வண்ணங்கள் வேறு இடங்களிலிருந்து வந்தன: கொம்பரக்கிலிருந்து சிவப்பு, கபிலப்பொடியிலிருந்து ஆரஞ்சு, மஞ்சளிலிருந்து மஞ்சள், அவுரியிலிருந்து நீலம், மஞ்சளின் மேல் அவுரி ஏற்றினால் பச்சை. இவற்றில் கபிலப்பொடி கூர்ந்து கவனிக்கத்தக்கது. ஒரு காட்டு மரத்தின் காயின் மேல் படிந்திருக்கும் செந்தூள் அது. தண்ணீரில் போட்டால் கரையாமல் மேலே மிதக்கும். காரம் சேர்த்துக் கொதிக்கவைத்தால் உடனே கரைந்து நீர் செவ்வாரஞ்சாக மாறும். தூளிலிருக்கும் நிறப்பொருள் ஒரு பீனால் வகை. காரத்தில் அது தன் ஹைட்ரஜனை இழந்து சோடியத்தை ஏற்றுக்கொண்டு உப்பாகிறது. உப்பானதும் கரைகிறது, பட்டுக்குள் நுழைகிறது. படிகாரம் சேர்ந்தபோது அங்கேயே நின்றுவிடுகிறது.

அவுரி நீலமும் அதே வழிதான், ஆனால் இன்னும் நுட்பமானது. அவுரி நீலத்தின் படிகத்தில் ஒவ்வொரு மூலக்கூறும் சுற்றியுள்ள நான்கு மூலக்கூறுகளோடு ஹைட்ரஜன் பிணைப்பால் கட்டுண்டிருக்கிறது. தட்டையான மூலக்கூறுகள் ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்கிப் படிந்தும் இருக்கின்றன. இந்த இரட்டைப் பிடிப்பை நீரால் உடைக்க முடியாது. அதனால்தான் நீலம் தண்ணீரில் கரைவதில்லை, உருகுவதற்கும் 390 டிகிரி அளவுக்குச் சூடு வேண்டியிருக்கிறது. தமிழ்நாட்டுச் சாயக்காரர் சாடியில் சுண்ணாம்பும் தகரை விதையும் போட்டு நொதிக்கவிட்டார். நொதித்தலில் நீலம் ஹைட்ரஜனை ஏற்று, காரத்தோடு சேர்ந்து, மஞ்சள் கலந்த பச்சை நிறக் கரைசலாகும். அதுவும் ஒரு கரிம உப்பே. நூலை முக்கி வெளியே எடுத்தால் காற்றுப்பட்டு, கண்முன்னே பச்சை மறைந்து நீலம் திரும்பும். கரையாத படிகம் இழைக்குள்ளேயே மறுபடி உருவாகிவிடுகிறது.

கொம்பரக்கின் சிவப்பு இன்னொரு வழியைக் காட்டுகிறது. அரக்குப் பூச்சி தரும் நிறப்பொருள் இயல்பிலேயே ஓர் அமிலம். புளிப்புள்ள சாயநீரில் பட்டு அதை நன்றாக வாங்கிக்கொள்கிறது. அந்தப் புளிப்பு பட்டுக்குள் என்ன செய்கிறது என்பது பின்னால் வரும். காஞ்சிச் சேலைக்காரர்கள் இன்றும் அடர்ந்த செம்பழுப்பை அரக்கு என்றே குறிக்கிறார்கள். சென்னையில் கும்பினி மருத்துவராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன் 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் சைதாப்பேட்டையில் கள்ளிச் செடி வளர்த்துக் கொச்சினீல் பூச்சியிலிருந்து சிவப்பு எடுக்க முயன்றார். சோழமண்டலத்தில் முசுக்கொட்டைச் செடி பரப்பிப் பட்டுப்புழு வளர்ப்பதற்கும் பெருமுயற்சி செய்தார். இரண்டும் நிலைக்கவில்லை. காஞ்சித் தறிகளுக்குக் கச்சாப் பட்டு இன்றும் பெரும்பாலும் கர்நாடகத்திலிருந்தும், சரிகை சூரத்திலிருந்தும்தான் வருகின்றன.

1856இல் லண்டனில் வில்லியம் பெர்கின் என்ற பதினெட்டு வயது மாணவர் நிலக்கரித் தாரிலிருந்து கிடைத்த அனிலீனைக் கொண்டு கொய்னா மருந்து செய்யப் போய், ஊதாச் சாயம் ஒன்றைக் கண்டார். முதலில் அது நன்றாகப் பிடித்தது பட்டில்தான். மூன்று ஆண்டுகளுக்குள் மெஜந்தா வந்தது. மெஜந்தாவின் படிகம் வண்டின் முதுகைப் போலப் பச்சையாகப் பளபளக்கும். சிட்டிகை அளவு நீரில் இட்டால் பாத்திரம் முழுவதும் செந்நீலமாகிவிடும். இதில் நிறம் தருவது நேர்மின்னேற்றம் கொண்ட பகுதி, குளோரைடு துணைக்கு நிற்பது. மூன்று வளையங்கள் விசிறியின் இறக்கைகள் போலச் சற்றே முறுகி ஒரு கார்பனைச் சுற்றி நிற்கும். 1887இல் ரோடமின் பி வந்தது. ராணிக் கலர் என்று கடைகளில் சொல்லும் பளீரென்ற இளஞ்சிவப்புக்கு ரோடமின் வகைகள் பெயர் பெற்றவை. அழகில் இவற்றுக்கு ஈடில்லை. ஆனால் வெயிலில் நிற்கவில்லை.

இந்தப் புதிய சாயங்கள் சென்னை மாகாணத்துக்குள் டப்பாக்களில் வந்து இறங்கின. மதுரையில் சௌராஷ்டிரச் சாயக்காரர்கள் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மானிய அலிசாரினைக் கையிலெடுத்து, பருத்தி நூல் சாயத்தையே பெருந்தொழிலாக்கினர். சாயவேர் வயல்களுக்கு அதுவே முடிவாயிற்று. அரசாங்கமும் மாற்றத்தைக் கவனித்தது. மாகாணத்தின் சாயங்கள் பற்றி எட்வின் ஹோல்டர் 1896இலும், பட்டுத் தொழில் பற்றி அருங்காட்சியகக் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன் 1899இலும் தனி நூல்கள் எழுதினர். உள்நாட்டுச் செய்முறைகள் மறையத் தொடங்கிய தருவாயில் எழுதப்பட்டவை என்பதால் அவற்றின் மதிப்பு பெரிது.

பட்டுக்கு உண்மையில் பொருந்திய செயற்கைச் சாயங்கள் அடுத்த வரிசையில் வந்தன. 1858இல் பீட்டர் கிரீஸ் டயசோ சேர்மங்களைக் கண்டறிந்தார். அதன் வழியே இரண்டு வளையத் தொகுதிகளை இரண்டு நைட்ரஜன் அணுக்களால் இணைத்து, விரும்பிய வண்ணத்தைச் செய்ய முடிந்தது. இவை அசோ சாயங்கள். வளையத்தில் ஒரு சல்ஃபோனேட் தொகுதியையும் சேர்த்தால் சாயம் எதிர்மின்னேற்றம் பெற்றுச் சோடியம் உப்பாகி நீரில் கரையும். அமிலம் சேர்த்த நீரில் ஏற்றப்படுவதால் இவற்றுக்கு அமிலச் சாயங்கள் என்று பெயர். 1876இல் பிரான்சில் ரூசேன் உருவாக்கிய ஆரஞ்சு 2 இக்குடும்பத்தின் மூத்த உறுப்பினர்களில் ஒன்று. சல்ஃபனிலிக் அமிலமும் 2-நாப்தாலும் அதன் மூலப்பொருள்கள். ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக்குப் பிறகும் அது கடையில் கிடைக்கிறது. பட்டு, கம்பளி, நைலான், தோல் எல்லாவற்றுக்கும் ஏறும்.

ஆரஞ்சு 2 மூலக்கூறின் ஒரு முனை பென்சீன் வளையமும் அதன் நுனியில் சல்ஃபோனேட்டும். மறுமுனை நாப்தலீனின் இரட்டை வளையம். நடுவே இரண்டு நைட்ரஜன். பாடநூல்களில் நைட்ரஜன்களுக்கிடையே இரட்டைப் பிணைப்பு போட்டு வரைவது வழக்கம். படிகத்தில் பார்த்தால் நாப்தாலின் ஹைட்ரஜன் ஆக்சிஜனைவிட்டு நைட்ரஜனுக்கு இடம் பெயர்ந்திருக்கிறது. பெயர்ந்த பிறகும் பழைய ஆக்சிஜனை ஹைட்ரஜன் பிணைப்பால் பற்றியிருக்கிறது. இந்த உள்பிணைப்பு மூலக்கூறு முழுவதையும் ஒரே தளத்தில் தட்டையாக வைக்கிறது. தட்டையான மூலக்கூறுகள் சுமார் மூன்றரை ஆங்ஸ்ட்ராம் இடைவெளியில் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன. ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஒரு கோடியில் ஒரு பங்கு.

இக்குடும்பத்து உப்புகளின் படிகங்களை 2000க்குப் பின் ஸ்காட்லாந்தின் ஸ்ட்ராத்கிளைடு பல்கலைக்கழகத்தில் ஆலன் கென்னடி குழு வரிசையாக ஆராய்ந்தது. பொதுவாக அவற்றில் இரண்டு வகை அடுக்குகள் மாறி மாறி வருகின்றன. ஓர் அடுக்கில் வளையங்கள் மட்டும் நெருங்கிக் கிடக்கும். அங்கே நீருக்கு இடமில்லை. அடுத்த அடுக்கில் சல்ஃபோனேட்டுகளும் உலோக அயனிகளும் நீர் மூலக்கூறுகளும் கூடியிருக்கும். உலோகம் எது என்பதைப் பொறுத்து இந்த இரண்டாவது அடுக்கின் கட்டுமானம் மாறுகிறது. மெக்னீசியம் தன்னைச் சுற்றி நீரைப் போர்த்திக்கொண்டு சல்ஃபோனேட்டை நேரே தொடாமல் நிற்கிறது. கால்சியம் சல்ஃபோனேட்டின் ஆக்சிஜனை நேரே பிடித்துக்கொள்கிறது. இன்னும் கனமான உலோகங்கள் பல சல்ஃபோனேட்டுகளை ஒரே சமயத்தில் பிணைத்து வலை பின்னுகின்றன.

இந்த வேறுபாடு ஆய்வகத்தோடு நிற்பதல்ல, சாயப்பட்டறையில் தினமும் எதிர்ப்படுவது. கடினநீரில் கால்சியம் அதிகம். சோடியம் உப்பாகக் கரைந்த சாயம் கால்சியத்தைச் சந்தித்தால், சில சாயங்களின் கால்சியம் உப்பு கரையாமல் திரிந்து நூலில் திட்டுத்திட்டாகப் படியும். பட்டை வேகவைக்கப் போடும் சோப்பும் கால்சியத்தோடு சேர்ந்து பிசுக்காகி நூலில் ஒட்டும். அச்சு மைத் தொழிலில் இதே குணத்தை வேண்டுமென்றே பயன்படுத்திச் சாயங்களைக் கால்சியம் உப்பாக்கிக் கரையாத நிறப்பொடிகள் செய்கிறார்கள். பட்டுக்கு அது கேடு. பாலாற்று நீர்தான் காஞ்சிப் பட்டுக்கு மினுக்குத் தருகிறது என்று நெசவாளர் குடும்பங்கள் தலைமுறைகளாகச் சொல்லி வந்ததை வெறும் ஊர்ப்பெருமை என்று தள்ளிவிட முடியாது. சாயத்துக்கு நீரைத் தேர்ந்தெடுப்பது தொழிலின் முதல் வேலை. நல்ல நீரூற்றை அறிந்தவரே நல்ல சாயக்காரர்.

சாயம் சென்று சேரும் இடமான பட்டு இழையின் அமைப்பு 20ஆம் நூற்றாண்டில்தான் தெளிந்தது. 1920இல் பெர்லினில் ஹெர்சாகும் யாங்கேயும் பட்டின் மீது எக்ஸ் கதிரைச் செலுத்தி, அதற்குள் படிக ஒழுங்கு இருப்பதைக் கண்டனர். 1955இல் கலிஃபோர்னியாவில் மார்ஷ், கோரி, பாலிங் மூவரும் முழு அமைப்பை வெளியிட்டனர். பட்டுப் புரதத்தின் அமினோ அமிலங்களில் நூற்றுக்கு 87 அளவு கிளைசின், அலனின், செரின் என்ற மூன்று சிறியவை. புரதச் சங்கிலிகள் நீட்டி விரிந்து, பக்கத்துச் சங்கிலியோடு ஹைட்ரஜன் பிணைப்பால் சேர்ந்து தகடாகின்றன. தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கப்படும்போது 3.5 ஆங்ஸ்ட்ராம், 5.7 ஆங்ஸ்ட்ராம் என இடைவெளி மாறி மாறி வருகிறது. கிளைசின் முகங்கள் நெருங்கியும் அலனின் முகங்கள் விலகியும் நிற்பதே காரணம். இழை நெடுகச் சங்கிலி நீட்டப்பட்டிருப்பதால் பட்டு உறுதியாக இருக்கிறது.

இந்த நெருக்கமான தகடுகளுக்குள் சாயம் நுழைய முடியாது. ஒழுங்கு குலைந்த இடைப்பகுதிகள்தான் அதற்குக் கிடைக்கும் இடம். பருமனான அமினோ அமிலங்களும் நேர்மின்னேற்றம் ஏற்கக்கூடிய ஆர்ஜினின், லைசின், ஹிஸ்டிடின் ஆகியவையும் அங்கேதான் இருக்கின்றன. நீரில் அசிட்டிக் அமிலம் சேர்த்தால் பட்டின் அமினோ தொகுதிகள் ஹைட்ரஜனை ஏற்று நேர்மின்னேற்றம் பெறுகின்றன. சாயத்தின் சல்ஃபோனேட் தன் சோடியத்தைக் கைவிட்டு அவற்றோடு சேர்கிறது. கொம்பரக்குக் கொப்பரையில் புளிப்பு செய்ததும் இதே வேலைதான். உண்மையில் பட்டில் சாயம் பிடிப்பது ஓர் உப்பு இன்னொரு உப்பாக மாறுவது: சோடியம் சல்ஃபோனேட்டாக வந்தது பட்டு சல்ஃபோனேட்டாகத் தங்குகிறது.

இந்தப் பிடிப்பு எத்தகையது என்பதை இழைக்குள் நேரடியாகப் பார்க்க இயலாது. ஒழுங்கில்லாத பகுதி எக்ஸ் கதிருக்குத் தெளிவான உருவம் தருவதில்லை. அதற்கு ஈடான சிறு உப்புகளின் படிகங்களே உதவுகின்றன. ஆர்ஜினினின் முனையில் இருக்கும் குவானிடினியம் அயனியையும் சல்ஃபோனேட்டையும் சேர்த்து 1990களில் அமெரிக்காவின் மைக்கேல் வார்டு குழு பல உப்புகளைப் படிகமாக்கியது. குவானிடினியத்தில் ஆறு ஹைட்ரஜன்கள் வெளிநோக்கி நிற்கின்றன. சல்ஃபோனேட்டில் மூன்று ஆக்சிஜன்கள். ஒவ்வொரு குவானிடினியமும் மூன்று சல்ஃபோனேட்டுகளை, ஒவ்வொன்றையும் இரண்டு ஹைட்ரஜன் பிணைப்புகளால் பற்றி அறுகோண வலையாக விரிகிறது. மின்னேற்றக் கவர்ச்சியும் ஹைட்ரஜன் பிணைப்பும் ஒரே இடத்தில் கூடும் இத்தகைய பிடிப்பு அமிலச் சாயத்தைப் பட்டில் நிறுத்தும் விசைகளில் ஒன்று. இதோடு, நீரை விரும்பாத சாய வளையங்கள் டைரோசின் போன்ற வளையமுள்ள அமினோ அமிலங்களின் பக்கம் ஒதுங்குவதும் சேர்ந்துகொள்கிறது.

இத்துறையில் தமிழ்நாட்டின் பங்கு சிறியதன்று. வாலாஜாபாத்திலிருந்து சுமார் 60 கிலோமீட்டரில் இருக்கும் சென்னைக்கு 1952இல் ஜி.என். ராமச்சந்திரன் பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியராக வந்தார். அதே காலத்தில் வந்துபோன படிகவியல் அறிஞர் ஜே.டி. பெர்னால், தோலிலும் எலும்பிலும் உள்ள கொலாஜன் புரதத்தின் அமைப்பு இன்னும் விடுபடாத புதிர் என்று சொல்ல, 1954–55இல் ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் அதன் மூவிழை முறுக்கைக் கண்டனர். 1956இல் ராமச்சந்திரனும் எஸ். ராமனும் படிகங்களைத் தீர்க்கப் புது வழி ஒன்றைச் சொல்லி, எஃபெட்ரின் ஹைட்ரோகுளோரைடு என்ற கரிம உப்பில் அதைச் சோதித்தனர். 1959இல் ஆர். சீனிவாசன் டைரோசின் ஹைட்ரோகுளோரைடின் படிக அமைப்பை வெளியிட்டார். 1963இல் ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் மூவரும் புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் திரும்பலாம் என்பதை வரைபடமாக்கினர். அந்தப் படத்தின் மேல் இடது மூலையில்தான் பட்டின் விரிந்த சங்கிலிக்கு இடம். பெங்களூரில் எம். விஜயன் குழு 1970களிலிருந்து ஆர்ஜினின், லைசின் உப்புகளை ஆராய்ந்து, ஆர்ஜினினின் முனை எதிர்மின்னேற்றத் தொகுதிகளை இரட்டை ஹைட்ரஜன் பிணைப்பால் பிடிக்கும் விதங்களை எடுத்துக்காட்டியது. 1982இல் அண்ணா பல்கலைக்கழகத்தில் படிக வளர்ச்சி மையம் தொடங்கியது. அதன்பின் தமிழ்நாட்டுக் கல்லூரிகளின் இயற்பியல், வேதியியல் துறைகளில் கரிம உப்புகளைப் படிகமாக்கி அமைப்புக் காண்பது பரவலான ஆய்வு வேலையாகிவிட்டது. உலகெங்கும் தீர்க்கப்பட்ட கரிமப் படிகங்கள் சேரும் கேம்பிரிட்ஜ் தரவுக் களஞ்சியம் 2019இல் பத்து லட்சத்தைத் தாண்டியது. அதில் தமிழ்நாட்டு ஆய்வகங்களின் உப்புகளும் ஏராளம்.

பட்டறைக்குள் இந்த விசைகள் வேறு உருவில் தெரியும். முதலில் நூல் சிட்டங்களைச் சோப்பும் சலவைச் சோடாவும் கலந்த கொதிநீரில் வேகவைத்துப் பசையை நீக்குவார்கள். எடையில் கிட்டத்தட்ட கால் பங்கு போய்விடும், மினுக்கு அப்போதுதான் தெரியும். சிட்டங்களைக் கழிகளில் மாட்டிச் செப்பு அண்டாவில் இறக்குவார்கள். சாயநீர் முதலில் வெதுவெதுப்பாகவே இருக்க வேண்டும். எடுத்த எடுப்பில் கொதிக்கவிட்டு அமிலத்தையும் ஊற்றினால், முதலில் தொட்ட இழைகள் சாயம் முழுவதையும் இழுத்துக்கொண்டு நூல் வரிவரியாகிவிடும். அதனால் கழிகளைக் கையால் ஓயாமல் திருப்பியபடி சூட்டைக் கொதிக்கு அருகே மெல்ல ஏற்றி, அமிலத்தையும் பகுதி பகுதியாக விடுவார்கள். கிளாபர் உப்பு சேர்த்தால் அதன் சல்ஃபேட் அயனிகள் சாயத்துக்கு முன்னால் போய் இடம் பிடித்து, பின்பு மெதுவாக விட்டுக்கொடுக்கும். சாயம் சீராக ஏறும். கடைசியில் அண்டா நீர் தெளிந்திருந்தால் சாயம் முழுவதும் நூலுக்குப் போய்விட்டது என்று பொருள். மாதிரி நூலை நனைத்து, பிழிந்து, பகல் வெளிச்சத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் நிறம் ஒத்திருக்கிறதா என்பதற்குத் தீர்ப்பு.

காஞ்சிச் சேலையின் நெசவு முறையே சாயத்தைக் கடுமையாகச் சோதிக்கிறது. கோர்வை என்ற நெசவு முறையில் உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு இன்னொரு நிறம், இரண்டும் ஒரே கோட்டில் சந்திக்கும். பேட்னி என்ற முறையில் முந்தியின் பாவு உடலின் பாவோடு முடிச்சுமுடிச்சாக இணைக்கப்படும். மயில்கழுத்து போன்ற நிறங்களில் பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம். அரக்குக் கரை சற்றே கசிந்தாலும் மாம்பழ மஞ்சள் உடல் பாழாகிவிடும். எனவே ஈரத்தில் கசியாத சாயம் இங்கே அவசியம். எளிய அமிலச் சாயங்கள் இதில் அவ்வப்போது தவறின. பட்டில் நேர்மின்னேற்ற இடங்கள் கம்பளியைவிட மிகக் குறைவு என்பது ஒரு காரணம். ஸ்விட்சர்லாந்தின் சிபா 1915இல் நியோலான் வரிசையையும், கெய்கி 1949இல் இர்கலான் வரிசையையும் கொண்டுவந்தன. இவற்றில் குரோமியமோ கோபால்ட்டோ சாய மூலக்கூறின் நடுவிலேயே பிணைந்திருக்கும். இரண்டு சாய மூலக்கூறுகள் ஓர் உலோகத்தைச் சுற்றிப் பிடித்த வகை பட்டில் நன்றாக நின்றது. படிகாரத்தைத் தனியே ஊறவைத்துச் செய்த வேலை, சாய உப்புக்குள்ளேயே அடங்கிவிட்டது.

புதிய சாயங்களோடு தீங்கும் வந்தது. பென்சிடின் போன்ற சில மூலப்பொருள்களிலிருந்து செய்த அசோ சாயங்கள் உடைந்தால் புற்றுநோய் உண்டாக்கும் அமீன்களைத் தரும். ஜெர்மனி 1994இல் இவற்றைத் தடைசெய்தது. இந்தியா 1997இல் 70 அசோ சாயங்களுக்குத் தடை விதித்தது. எல்லா அசோ சாயங்களும் தீயவை அல்ல. எந்த அமீன் வெளியேறும் என்பதே அளவுகோல். கரையும்படி உருவாக்கப்பட்ட உப்பு என்பதால் நூலில் ஏறாமல் மிஞ்சியது அனைத்தும் நீரோடு போகும், எளிதில் வடிகட்டவும் வராது. பாலாற்றுக்கு இன்னும் பெரிய கேடு ஆற்றின் மேற்பகுதியிலிருந்து வந்தது. வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை தோல் ஆலைகளின் கழிவு பற்றிய வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்று தீர்ப்பளித்தது. ஆற்றில் நீரோட்டம் அருகி, மணலும் அள்ளப்பட்ட பிறகு, எந்த நீர் பட்டுக்கு மினுக்குத் தந்ததாகச் சொல்லப்பட்டதோ அதை நம்பிச் சாயம் போடும் நிலை இன்று இல்லை. 2005இல் காஞ்சிபுரம் பட்டு புவிசார் குறியீடு பெற்றது. அந்தப் பெயரைக் காப்பதில் தறிக்கும் சரிகைக்கும் காட்டும் அக்கறை நீருக்கும் காட்டப்பட வேண்டும்.

பட்டுச் சேலை வைத்திருப்பவர்களுக்கு இதிலிருந்து ஒரு நடைமுறைச் செய்தி உண்டு. அமிலத்தில் பிடித்த சாயம் காரத்தில் பிடியை விடும்: பட்டின் அமினோ தொகுதி காரத்தில் தன் நேர்மின்னேற்றத்தை இழக்கிறது, சல்ஃபோனேட் மறுபடி சோடியத்தோடு சேர்ந்து நீருக்குப் போய்விடுகிறது. ஆகவே பட்டைத் துணி சோப்பிலோ சலவைத்தூளிலோ ஊறவைக்கக் கூடாது. குளிர்ந்த நீரில், காரமில்லாத மென்சோப்பில், தனியாக அலசி, நிழலில் உலர்த்த வேண்டும்.